வேலையிடத்தில் கேட்கவும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டிய ஆங்கிலம்: மலையகத்திலிருந்து புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் ரிசெப்ஷன். நான் இரவு ஷிஃப்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் ஷிஃப்டுக்காரர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். லொக் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தது: “ஹெட்ஸ்-அப். ரூம் ட்வெல்வ், ஏர்லி ஸ்டார்ட், ஹோர்ட்டன் ப்ளேன்ஸ். கீப் த கிச்சின் இன் த லூப்.”

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக எனக்குத் தெரிந்ததுதான். தலை, மேலே, அறை, குசினி, வளையம். சேர்த்து வாசித்தால், பன்னிரண்டாம் அறைக்காரர் விடியற்காலையில் போகிறார் என்பது மட்டும் விளங்கியது. சரி, அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து விடுவோம் என்று இருந்துவிட்டேன். நான்கரை மணிக்கு ஒரு வயதான தம்பதி குளிர்ச்சட்டை, தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு இறங்கி வந்து காலைச் சாப்பாட்டுப் பார்சலைக் கேட்டார்கள். குசினி இருட்டாகக் கிடந்தது. ஹோர்ட்டன் ப்ளேன்ஸில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போகிறவர்களால் காத்திருக்கவும் முடியாது. வெயில் ஏற ஏறப் பனிமூட்டம் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். பிஸ்கட் பக்கற் இரண்டை வாங்கிக்கொண்டு, கோபத்தைக் காட்டாமல் போனார்கள். அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

“ஹெட்ஸ்-அப்” என்றால், வரப்போகிற ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைப்பது. “கீப் இன் த லூப்” என்றால், தகவல் போய் வருகிற வட்டத்துக்குள் அவரையும் வைத்திருப்பது. அதாவது, குசினிக்கும் சொல்லிவிடு. அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் படித்த ஆங்கிலத்தில் இது வரவே இல்லை.

அதன் பிறகு இந்த மாதிரிச் சொற்களை ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். இப்போது புதிதாக வருகிற தம்பி, தங்கச்சிகளைப் பழக்குகிற வேலையும் எனக்கு வந்திருக்கிறது. ஹோட்டலோ, வங்கியோ, தோட்டத்து அலுவலகமோ, கொழும்பில் ஏதாவது கம்பனியோ, எங்கே போனாலும் முதல் மூன்று மாதத்தில் தடுமாறவைப்பது இந்தச் சொற்கள்தான்: ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் கேட்டு வாங்குகிற, கொடுக்கிற, எழுதி வைக்கிற சொற்கள்.

முதலில் ஒரு கொப்பி

சொல்லுக்குப் பொருள் என்று இரண்டு நிரல் போட்டு எழுத வேண்டாம். அப்படி எழுதினால் என்னைப் போல “லூப், வளையம்” என்று எழுதி வைப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாசகம். யார், யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னார் என்று தமிழில் இரண்டு வரி. அதன் கீழே அந்த வாசகத்தை முழுசாக ஆங்கில எழுத்தில். கடைசியாக, நாளைக்கு நீங்கள் அதை யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை எழுதாத பக்கம் மறந்துபோகும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது அது.

நான் இங்கே தமிழ் எழுத்தில் தருவது உச்சரிப்புக்காக. கொப்பியில் எழுதுமுன் எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் உங்களைப் பற்றிச் சொல்லப்படுபவை

“ஷீ வில் ஷோ யூ த ரோப்ஸ்” என்று ஒரு அக்காவைக் காட்டுவார்கள். ரோப்ஸ் என்றால் கயிறுகள். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று புதியவனுக்குக் காட்டிக் கொடுத்த காலத்திலிருந்து வந்த பேச்சு என்பார்கள். வேலையின் நெளிவு சுளிவைக் காட்டிக் கொடுப்பார் என்று அர்த்தம். நீங்கள் கற்றுக்கொண்டிருந்தால் “ஐ’ம் ஸ்டில் லேர்னிங் த ரோப்ஸ்” என்று சொல்லலாம். முதல் மாதத்தில் தைரியமாகச் சொல்லக்கூடிய, யாரும் குறைவாக நினைக்காத வாசகம் இது.

“யூ வில் ஷேடோ ஹிம் டுடே” என்றால் இன்று முழுக்க அவர் கூடவே நிழல் போல நின்று பார்க்க வேண்டும். கையை வைக்க வேண்டாம், கண்ணை மட்டும் வையுங்கள். “ஹேண்ட்ஸ்-ஆன்” என்று சொன்னால் நேர்மாறு: நீங்களே செய்து பழக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டு, ஷேடோ பண்ணச் சொன்ன நாளில் பில் போட்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

“கெட் அப் டு ஸ்பீட்” என்பது மற்றவர்கள் ஓடுகிற வேகத்துக்கு நீங்களும் வந்து சேர்வது. நுவரெலியாவில் மார்ச் மாதம் முழுக்க இதைக் கேட்பீர்கள். ஏப்ரல் சீசனுக்கு ஊரே நிரம்பிவிடும், அதற்குள் புதியவர்கள் தேறிவிட வேண்டும். “ஐ நீட் எ வீக் டு கெட் அப் டு ஸ்பீட்” என்று உள்ளதைச் சொல்வது தவறில்லை. “ஸ்டீப் லேர்னிங் கர்வ்” என்றால் குறுகிய காலத்தில் நிறையக் கற்க வேண்டிய வேலை. செங்குத்தான மேடு ஏறிப் பழகிய நமக்கு அந்தப் படம் உடனே பிடிபடும். “கெட் த ஹேங் ஆஃப் இட்” என்றால் பிடி கிடைத்துவிட்டது, கை வந்துவிட்டது.

கேட்பது எப்படி

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் வேலையில் தோற்றுப்போவது ஆங்கிலம் தெரியாததால் அல்ல. விளங்காதபோதும் “யெஸ் சேர்” என்று தலையாட்டிவிடுவதால்தான். அந்தத் தலையாட்டல் நேற்று வந்ததில்லை. என் அப்பாயி நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பிரட்டுக்களத்தில் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டது சரிதானா, அரைப் பேர் ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கைப் பதிகிற செக்ரோலைப் பார்க்க வேண்டும். செக்ரோல் ஆங்கிலத்தில் இருந்தது. அது கணக்கப்பிள்ளை கையில் இருந்தது. அவர் வாசித்துச் சொன்னதுதான் கணக்கு. கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிற மேசையில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. கேட்கிறவனைத்தான் நல்ல சூப்பர்வைசர்களுக்குப் பிடிக்கும்.

கேட்கத் தொடங்கும்போது “டூ யூ ஹேவ் எ மினிட்?” ஒரு நிமிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்ல “குட் யூ வாக் மீ த்ரூ இட்?” கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போல, படிப்படியாகச் சொல்லுங்கள் என்று பொருள். நீங்கள் ஒன்றைச் செய்து வைத்து, அனுப்புமுன் சரிதானா என்று பார்க்கச் சொல்ல “கேன் ஐ ரன் திஸ் பை யூ?” அனுபவசாலி ஒருவரிடம் உட்கார்ந்து அவர் அறிவைக் கேட்டு வாங்க “கேன் ஐ பிக் யுவர் பிரெயின்?” இந்தக் கடைசி வாசகத்தைச் சம வயதுக்காரரிடமும் நன்றாகப் பழகியவரிடமும் மட்டும் சொல்லுங்கள். மூளையைக் கொத்துவது போன்ற சொல் என்பதால் பெரியவர்களிடம் முதல் நாளே எடுத்த எடுப்பில் சொன்னால் உரிமை மீறியது போல இருக்கும். அவர்களிடம் “ஐ வுட் லைக் யுவர் அட்வைஸ்” போதும்.

இனி, தமிழ் மண்டைக்குள் இருந்து வருகிற தவறுகள் சில. நமக்கு எதற்கும் ‘சந்தேகம்’தான். பாடத்தில் சந்தேகம், பில்லில் சந்தேகம். அதை அப்படியே “ஐ ஹேவ் எ டவுட்” என்றால், இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஆனால் வெளிநாட்டு மேலாளர் ஒருவர் நீங்கள் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். “ஐ ஹேவ் எ குவெஸ்ட்சன்” என்று மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, “எனக்கு விளக்குங்க” என்பதை “எக்ஸ்ப்ளெயின் மீ” என்கிறோம். நடுவில் ஒரு ‘டு’ வேண்டும்: “எக்ஸ்ப்ளெயின் டு மீ.” “டிஸ்கஸ்” பக்கத்தில் “எபவுட்” வேண்டாம். “எனக்கு கார் ஓட்டத் தெரியும்” என்பதை “ஐ நோ டு டிரைவ்” என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் ‘தெரியும்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது, ஆங்கிலத்தில் “ஐ நோ ஹவ் டு டிரைவ்” என்று அந்த ‘ஹவ்’ கட்டாயம். அப்புறம் “அட்வைஸ்”, “இன்ஃபர்மேஷன்”, “நாலெட்ஜ்” மூன்றுக்கும் பின்னால் ‘ஸ்’ போட்டுப் பன்மையாக்க முடியாது. தண்ணீரை எண்ண முடியாதது போல இவற்றையும் எண்ண முடியாது.

கேட்டு முடித்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை மட்டும் பழகினால் மீதி எல்லாம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. விளங்கியதைத் திருப்பிச் சொல்லுங்கள். “லெட் மீ செக் ஐ’வ் காட் திஸ் ரைட்” என்று தொடங்கி, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உங்கள் சொந்த ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக இருந்தாலும், சொல்லுங்கள். தவறு இருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். அன்று இரவு பகல் ஷிஃப்டுக்காரரைப் பஸ்ஸில் இருக்கும்போது போனில் பிடித்து இந்த ஒரு வாசகத்தைச் சொல்லியிருந்தால் அந்தத் தம்பதி பசியோடு போயிருக்க மாட்டார்கள்.

கை மாற்றும்போது

மலைநாட்டு ரயிலில் போகும்போது ஸ்டேஷன்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெரிய வளையம் ஒன்றை டிரைவர் கொடுப்பார், வேறொரு வளையத்தை வாங்குவார். வளையத்தில் தொங்குகிற பைக்குள் ‘டெப்லட்’ என்கிற உலோகத் தட்டு இருக்கிறது. ஒற்றைப் பாதை என்பதால், அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான டெப்லட் கைக்கு வராமல் ரயில் நகராது. பாதையின் அந்தத் துண்டு இப்போது யார் பொறுப்பு என்பதற்கு அதுவே அத்தாட்சி.

“ஹேண்ட்ஓவர்” என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். ஷிஃப்ட் மாறும்போது, லீவில் போகும்போது, வேலையை விட்டுப் போகும்போது, உங்கள் கையில் இருப்பதை அடுத்தவர் கைக்குக் கொடுக்கிறீர்கள். லொக் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனால் அது ஹேண்ட்ஓவர் ஆகாது. வளையத்தை மேடையில் வைத்துவிட்டுப் போவது போல அது. வாங்கியவர் “காட் இட்” என்று சொல்லி, திருப்பிச் சொல்லும்வரை பொறுப்பு உங்களிடம்தான்.

இங்கே இரண்டு வாசகங்கள் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும், பொருளில் எதிரும் புதிருமானவை. “பாஸ் த பேட்டன்” என்பது அஞ்சலோட்டத்தில் தடியைக் கொடுப்பது, பொறுப்பை ஒழுங்காக ஒப்படைப்பது. “பாஸ் த பக்” என்பது பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிப்பது. ஒருவரைப் புகழ நினைத்து இரண்டாவதைச் சொல்லிவிட்டால் பெரிய சங்கடம்.

“ஃபால் த்ரூ த கிராக்ஸ்” என்றால் இரண்டு பேருக்கு நடுவே விழுந்து யார் கண்ணிலும் படாமல் போன வேலை. “ஆன் த சேம் பேஜ்” என்றால் எல்லோருக்கும் ஒரே புரிதல் இருக்கிறது. “டச் பேஸ்” என்பது சும்மா ஒரு வார்த்தை பேசி நிலவரம் தெரிந்துகொள்வது. ஈமெயிலில் “எஃப்.வை.ஐ.” என்று வந்தால் உங்கள் தகவலுக்கு மட்டும், பதில் தேவையில்லை. நம் அலுவலகங்களில் பதில் கேட்க “ப்ளீஸ் ரிவேர்ட்” என்று எழுதுவது வழக்கம். பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அந்தச் சொல்லின் பொருள். “ப்ளீஸ் ரிப்ளை” என்று நேராக எழுதுவதே நல்லது.

எழுதி வைக்க முடியாத அறிவு

என் பெரியப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். இலை 12 முதல் 18 மணித்தியாலம் வரை வாட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் காற்றடிக்கிற நாளும் மழை நாளும் ஒன்றா? அவர் ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கி உருண்டையாக்குவார். பிறகு விரல்களைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார். இலை படக்கென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. சோம்பல் முறிப்பது போல மெதுவாகப் பிரிந்தால் உருட்டு மெஷினுக்குப் போகலாம். “எப்படிப் பெரியப்பா தெரியுது?” என்று கேட்டால் “கைக்குத் தெரியும்” என்பார்.

இதற்கு ஆங்கிலத்தில் “டேசிட் நாலெட்ஜ்” என்று பெயர், சொல்லாமல் கிடக்கிற அறிவு. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மைக்கேல் பொலானி என்ற அறிஞர், நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரியும் என்று 1966இல் எழுதினார். எழுதி வைக்கக்கூடியதற்கு “எக்ஸ்ப்ளிசிட் நாலெட்ஜ்” என்று பெயர். இன்டர்வியூவில் இந்த இரண்டு சொல்லும் வரும். அப்போது பாடப்புத்தக விளக்கத்தைத் தேடாதீர்கள். உங்கள் அம்மா கொழுந்து எடுக்கும்போது எந்தத் தளிரை விட்டுவைக்க வேண்டும் என்று விரல் முடிவு செய்வதைச் சொல்லுங்கள். அதைவிடத் தெளிவான உதாரணம் எந்த மேலாளரும் கேட்டிருக்க மாட்டார்.

இந்த வகை அறிவைச் சுற்றி நல்ல வாசகங்கள் நிறைய. “ரூல் ஆஃப் தம்ப்” என்பது அளவுகோல் இல்லாமல் அனுபவத்தில் வந்த உத்தேசக் கணக்கு. பெரியப்பாவின் உருண்டை அதுதான். “ட்ரிக்ஸ் ஆஃப் த ட்ரேட்” தொழில் நுணுக்கங்கள். இதில் ‘ட்ரிக்’ என்பதற்கு ஏமாற்று என்ற பொருள் இல்லை. “ஷீ நோஸ் இட் இன்சைட் அவுட்” அவருக்கு அது தலைகீழ்ப் பாடம். “செகண்ட் நேச்சர்” பழகிப் பழகி இயல்பாகிவிட்டது. அனுபவசாலி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகுவதைப் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் “சிட்டிங் பை நெல்லி” என்பார்கள். பழைய பேச்சு, இப்போது அதிகம் கேட்பதில்லை. ஆனால் அக்கா பக்கத்தில் நிரையில் நின்று கொழுந்து எடுக்கப் பழகியவர்களுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கொடுக்காமல் வைத்திருப்பவர்கள்

நான் வேலை பார்த்த இன்னொரு அலுவலகத்தில், மாதக் கடைசிக் கணக்கை முடிக்கிற வழி ஒருவருக்கு மட்டும் தெரியும். கேட்டால் “பிறகு சொல்றேன்” என்பார். அவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாதம் எல்லோருக்கும் சம்பளம் பிந்தியது. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அது தெரிந்திருப்பதால்தான் தன் வேலை நிலைக்கிறது என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

இதைப் பேசுவதற்கான சொற்கள்: “ஹோர்டிங் நாலெட்ஜ்”, அறிவைப் பதுக்கி வைப்பது. “ஹீ ப்ளேஸ் இட் க்ளோஸ் டு த செஸ்ட்”, சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆடுவது போல எதையும் காட்டாமல் இருக்கிறார். “சைலோ”, ஒரு பகுதிக்காரர் இன்னொரு பகுதிக்காரரோடு பேசாமல் தனித்தனிக் குதிராக இருப்பது. “பொட்டில்நெக்”, எல்லா வேலையும் ஒரே ஆளிடம் போய்த் தேங்குவது. மென்பொருள் துறையில் “பஸ் ஃபேக்டர்” என்று ஒன்று சொல்வார்கள்: எத்தனை பேரை பஸ் அடித்துப்போட்டால் வேலை நின்றுபோகும் என்ற எண். அந்த அலுவலகத்தில் அது ஒன்று.

ஒருவரை நேருக்கு நேர் “யூ ஆர் ஹோர்டிங்” என்று சொல்லிவிடாதீர்கள். “குட் வீ டாக்கியுமென்ட் திஸ், ஸோ யூ டோன்ட் கெட் கோல்ஸ் ஆன் யுவர் லீவ்?” என்று கேளுங்கள். எழுதி வைத்தால் லீவில் இருக்கும்போது உங்களுக்குப் போன் வராது என்று. அவர் நன்மையாகச் சொன்னால் கதவு திறக்கும்.

நீங்கள் கொடுக்கும் முறை வரும்போது

ஆறு மாதத்தில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் வருவார். அப்போது “லெட் மீ ஷோ யூ” என்று தொடங்குங்கள், “ஐ வில் லேர்ன் யூ” என்று சொல்ல வேண்டாம். ‘லேர்ன்’ என்பது கற்பது, கற்பிப்பது ‘டீச்’. ஏற்கெனவே ஒருவர் செய்து வைத்ததை இன்னொருவர் தலையைப் பிய்த்துக்கொண்டு மறுபடி செய்தால் “நோ நீட் டு ரீஇன்வென்ட் த வீல்” என்று சொல்லிப் பழைய ஃபைலைக் காட்டுங்கள். ஒரே பக்கத்தில் அடங்குகிற குறிப்பு “சீட் ஷீட்”. ஒரு வேலையை எப்போதும் ஒரே மாதிரிச் செய்ய எழுதி வைத்த முறை “எஸ்.ஓ.பி.” கூட்டம் முடிந்து மனதில் எடுத்துப்போவது “டேக்அவே”. அதே சொல்லுக்கு ஹோட்டலில் பார்சல் சாப்பாடு என்றும் பொருள், எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். எதைக் கேட்டாலும் போய் நிற்கக்கூடிய ஆள் “கோ-டு பர்சன்”. உங்களை அப்படிச் சொன்னால் அது பெரிய பாராட்டு. இரண்டாவதாக ஒருவரையும் பழக்கி வையுங்கள்.

தமிழ்ப் பிள்ளையைப் பழக்கும்போது தமிழிலேயே விளக்குங்கள். வேலை விளங்கிய பிறகு ஆங்கில வாசகத்தைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். சிங்களம் பேசுகிற நண்பருக்கும் இந்த வாசகங்களில் பாதி புதிதாகத்தான் இருக்கும். இரண்டு பேருமாக ஒரு கொப்பி வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிற ஹேண்ட்ஓவர் மாதிரி ஒன்று. அந்த இரவு லொக் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய வரிகளை இப்படி எழுதினேன்:

“ரூம் ட்வெல்வ், டூ கெஸ்ட்ஸ், லீவிங் ஃபோர் தேர்ட்டி ஏ.எம். ஃபோர் ஹோர்ட்டன் ப்ளேன்ஸ். டூ பேக்ட் ப்ரெக்ஃபஸ்ட்ஸ் நீடட். கிச்சின் நொட் யெட் டோல்ட். ப்ளீஸ் டெல் தெம் பிஃபோர் டென் பி.எம். அண்ட் சைன் ஹியர்.”

மரபுத்தொடர் ஒன்றுகூட இல்லை, பார்த்தீர்களா? யார், எத்தனை, எப்போது, என்ன வேண்டும், எது இன்னும் நடக்கவில்லை, யார் செய்ய வேண்டும். புதியவர் வாசிக்கப் போகிறார் என்றால் இப்படித்தான் எழுதுவேன். நாளைக்கு ஷிஃப்ட் முடியும்போது உங்கள் லொக் புத்தகத்தில் இதே வரிசையில் ஒன்றை எழுதி, அடுத்தவர் வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பஸ்ஸுக்குப் போங்கள்.